அழாத ஊரின் தண்ணீர்

வெண்பாறை மாநகராட்சிக்குக் குடிநீர் மானியம் வந்து சேர்வதற்குள் தமயந்தியின் தலை பாதி நரைத்துவிட்டது. உதவிப் பொறியாளராக இருந்த நாளில் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு அலைய ஆரம்பித்தவள், குடிநீர்ப் பிரிவின் செயற்பொறியாளரான பிறகும் அலைந்துகொண்டுதான் இருந்தாள்.

ஊருக்கு மேற்கே வெள்ளை வெளேரென்று ஒரு மலை. அதிலிருந்து இறங்கும் மேலாற்றை மறித்து அணை. அணைக்குக் கீழே பழைய மணல் வடிகட்டி. தலைமுறை தலைமுறையாக ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. மலை மேல் சொகுசு விடுதிகள் முளைத்து அவற்றின் சாக்கடையெல்லாம் ஆற்றில் கலக்க ஆரம்பித்ததும் மணல் திணறிப் போயிற்று. ஒரு கோடையில் ஊர் முழுக்க மஞ்சள் காமாலை பரவியது. செத்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். அவர்களில் ஒருத்தி ஆதிரை. தமயந்திக்கும் ஞானவேலுக்கும் ஒரே மகள், எட்டு வயது.

காரியம் முடிந்த மறுநாள் தமயந்தி அலுவலகம் போனாள். ஞானவேல் தன்னுடைய மோட்டார் ரீவைண்டிங் பட்டறையைத் திறந்தான். துக்கத்துக்கு வந்திருந்த வெளியூர்ச் சொந்தங்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. வெண்பாறைக்காரர்கள் அப்படித்தான். சாவு வீட்டில் சத்தம் கேட்காது. கல்யாண வீட்டில் சண்டை வராது. போலீஸ்காரர்கள் சிபாரிசு பிடித்து மாற்றல் வாங்கிக்கொண்டு வரும் ஊர் அது. மலை மேல் இருக்கும் அம்மனுடைய குளிர்ந்த பார்வை என்று ஊரார் சொல்லிக்கொள்வார்கள்.

ஆதிரை இறந்து ஒன்பது வருடம் கழித்து மறுபடியும் காமாலை வந்தது. மறுபடியும் குழந்தைகள் போயின. அப்போதும் ஊர் வாய் திறக்கவில்லை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பிடித்துக்கொண்டு போயிற்று. கடைசியில் எப்படியோ சென்னையில் யாரோ ஒருவர் கண்ணில் விண்ணப்பம் பட்டு, மானியம் கிடைத்தது.

நிபந்தனைகள் கடுமையானவை. ஆற்றுநீரில் கரைந்திருக்கும் எதுவும் தப்பிப் போக முடியாத புதுவகைச் சவ்வு வழியாகத்தான் தண்ணீர் முழுவதும் வர வேண்டும். உடம்புக்குத் தேவையான உப்புகளை அரசு சொல்லும் அளவில் பிறகு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் ஓர் உணர்கருவி. அது தண்ணீரை நக்கிப் பார்த்துச் சென்னைக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். சுத்திகரிக்காத தண்ணீர் ஒரு சொட்டு குழாயில் கலந்தாலும் மானியம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

திறப்பு விழாவில் முதல் தம்ளரைத் தமயந்தியின் கையில்தான் மேயர் கொடுத்தார். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை ஞானவேலிடம் நீட்டினாள்.

"தண்ணி குடிச்சாப்பலயே இல்ல தமயா. காத்தக் குடிக்கிறாப்பல இருக்குது," என்றான் அவன்.

"சுத்தமான தண்ணிக்கு ருசி இருக்காதுங்க."

"இருந்துட்டுப் போவுது. இனி எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆவாதில்ல, அது போதும்."

அந்த வார்த்தை பலித்தது. அந்தக் கோடையில் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் காமாலைக்கு ஒரு கட்டில்கூடத் தேவைப்படவில்லை. தமயந்தியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோதுதான் வேறொன்று தெரிய வந்தது.

முதலில் மாநகராட்சி மயானத்தில். செத்து வெகுகாலமானவர்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். எரித்த இடத்தில் என்ன இருக்கப் போகிறது? சும்மா தரையில் உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் அழுதுவிட்டுப் போனார்கள். பிறகு கடைகள் நேரத்துக்குத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை பாதியில் வெளியே ஓடினார். டவுன் பஸ்ஸில் ஒரு பெண் வாய்விட்டு அழ, என்ன ஏது என்று கேட்ட நடத்துனரும் கூட உட்கார்ந்து அழுதார். காலம் கெட்டுப் போச்சு என்றார்கள். அம்மனுக்குக் கோபம் என்றார்கள்.

ஞானவேலுக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். பட்டறைக்குப் போகும் வழியில் ஸ்கூல் வேனுக்காக ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் புரண்டது. கட்டிவிடலாம் என்று குனிந்து மண்டியிட்டவனால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். குழந்தை பயந்து கத்தியது. தாய் ஓடி வந்து அவனை அடிக்கக் கை ஓங்கினாள். யாரோ தெரிந்தவர்கள்தான் அவனை விலக்கிக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

தமயந்தி வந்தபோது அவன் சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தான்.

"லேஸு கட்டத் தெரியாதில்ல அவளுக்கு," என்றான். "தெனமும் நாந்தானே கட்டியுடுவேன். சுத்தமா மறந்து போயிட்டனே. இத்தன வருசமா எங்க கெடந்துச்சு இது?"

அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கும் சில நாட்களாகத் தூக்கம் சரியாக வரவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, புதிய நிலையத்தில் தண்ணீர் வந்து விழும் கண்ணாடித் தொட்டியின் அருகில் நின்று பம்ப் ஆபரேட்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவில், எண்ணெய் தேய்த்துக் குளித்த ஆதிரையின் தலைமுடி வாசனை மூக்கில் ஏறியது. நினைவு என்று சொல்ல முடியாது. குழந்தை வந்து மடியில் தலையைப் போட்டது போலவே இருந்தது. தமயந்தி வாக்கியத்தை முடிக்காமலே நடந்து போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது மதியம் ஆகியிருந்தது. ஆபரேட்டரின் கண்களும் சிவந்திருந்தன.

ஒரு மாதம் கழித்து அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் பிலோமினா நிலையத்துக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர். வேலை மாற்றலில் வெண்பாறைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னதும் உட்காராமல், "மேடம், இந்தத் தண்ணியில முன்னாடி என்ன இருந்துச்சு, இப்ப என்ன இல்ல? அத மட்டும் சொல்லுங்க," என்றார்.

"கிருமி இருந்துச்சுங்க. இப்ப இல்ல."

"அது நல்லது. வேற?"

தமயந்தி யோசித்தாள். "மலைப் பாறையிலருந்து கரையற உப்புங்க கொஞ்சம் இருந்துச்சு. எல்லாம் ரொம்பச் சின்ன அளவு. ஒடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவுதான். இப்ப சவ்வுல அதெல்லாம் நின்னுரும்."

பிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் நெனச்சது சரியாப் போச்சு. எங்க வார்டுல இப்ப கட்டில் காணாம வராண்டாவுல படுக்க வச்சிருக்கோம். ஒருத்தருக்கும் பைத்தியம் இல்ல மேடம். எல்லாருக்கும் துக்கம். அம்புட்டுத்தான். ஆனா நேத்துச் செத்தவங்களுக்கு இல்ல, என்னைக்கோ செத்தவங்களுக்கு. மில்லுக்கு வேலைக்கு வந்திருக்க வடக்கத்திப் பிள்ளைங்க ஒருத்தர்கூட வரல. அவங்களுக்கு கம்பெனியில கேன் தண்ணி. அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. மலைக்கல்லை லேபுல குடுத்துப் பாக்கச் சொன்னேன். நாங்க மாத்திரையாக் குடுக்கோம் பாருங்க, மனசு ரொம்பக் கொந்தளிக்காம இருக்கதுக்கு, அந்த மாத்திரைக்கு ஒறவுக்கார உப்பு ஒண்ணு அந்தக் கல்லுல இருக்கு. இந்த ஊரு பொறந்ததுலேர்ந்து அதைத்தான் குடிச்சிட்டு இருந்திருக்கு."

"ஊரே மருந்து குடிச்சுட்டா இருந்துச்சுங்கறீங்க?"

"தெரியாமக் குடிச்சிருக்கு. அது துக்கத்த அழிக்கல மேடம். வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கு. இப்ப ஒரே நாள்ல கதவத் தொறந்து விட்டாச்சு." பிலோமினா கொஞ்சம் நிறுத்தினார். "போன வருசம் எங்கம்மா தவறிட்டாங்க. நான் அழல. சரி, வயசாச்சு, நமக்குப் பக்குவம் வந்துட்டுன்னு நெனச்சேன். போன வாரம் மீன் கழுவிட்டு இருக்கும்போது..." கையை விரித்துக் காட்டினார்.

"தானா அடங்காதுங்களா?"

"அடங்கும். எங்க ஊருல எப்படி அழுது தேத்திக்கிடுதோமோ அப்படி இங்கயும் பழகும். ஆனா ஒரு ஆயுசுக்கு அழ வேண்டியத ஒரேயடியா அழுதா ஒடம்பு தாங்குமா? சபாபதி வாத்தியார் தெரியும்லா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்? சம்சாரம் போயி இருவது வருசம். இப்பத்தான் போன மாதிரி சோறு தண்ணி இல்லாம படுத்தாரு. இன்னைக்குக் காலையில போயிட்டாரு. அந்த உப்பக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சிருந்தா பொழச்சிருப்பாரு. பழைய தண்ணியையும் கொஞ்சம் கலந்து விட முடியாதா?"

தமயந்தி தலையசைத்தாள். முடியாது. ஒரு சொட்டு கலந்தாலும் சென்னைக்குத் தெரியும். மானியம் போகும், நிலையத்தை மூடுவார்கள். அடுத்த கோடையில் குழந்தைகள் வார்டு மறுபடியும் நிறையும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னாள். ஞானவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டான். பட்டறையைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ போலிருந்தான்.

"அப்ப இது உன் தண்ணியால வந்தது," என்றான்.

"ஆமாங்க."

"அவ காச்சல்ல கெடந்தாளே, அன்னிக்கு நீ எங்கிருந்த?"

தமயந்தி நிமிர்ந்தாள். "பம்ப் ஹவுஸ்ல. ஊர் முழுக்க காமாலை. எல்லாத் தொட்டிக்கும் குளோரின்..."

"அம்மா எப்ப வரும், அம்மா எப்ப வரும்னு கேட்டுட்டே கெடந்தா. வந்துரும் சாமி, வந்துரும்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. நீ வர்றப்ப அவளுக்கு நெனவு இல்ல." குரலை உயர்த்தவில்லை அவன். உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பதினோரு வருசமா இத நான் ஒங்கிட்டக் கேக்கவே இல்லயே தமயா. கேக்கணும்னு தோணக்கூட இல்லயே. என்ன மனுசன் நானு?"

அம்மா எப்ப வரும் என்று குழந்தை கேட்டது அவளுக்கு இப்போதுதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படியில் நின்றாள்.

அவன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னால முடியலடி. அந்தப் பழைய தண்ணி அணையில இருக்குதில்ல? ஒரு கேன் கொண்டாந்து குடு. உன் காலுல வேணா வுழறேன்."

மறுநாள் அவள் அணைக்குப் போனாள். தண்ணீரை எடுத்து, வடிகட்டி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாள். கிருமி செத்துவிடும், உப்பு அப்படியே இருக்கும். பிலோமினாவிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தாள்.

உடனே ஒன்றும் மாறவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் தூங்கினான். பிறகு சவரம் செய்துகொண்டான். பிறகு பட்டறையைத் திறந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமயந்தி துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவன் ஆதிரையின் படத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சட்டத்துல செல்லு அரிச்சிருக்குது பாரு. வேற மாத்திரலாம். இப்பெல்லாம் பிளாஸ்டிக்ல நல்லா வருது, அரிக்காது," என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அன்பான முகம். பதினோரு வருடமாகப் பார்த்துப் பழகிய அதே முகம். கண்ணாடிக்குள் ஆதிரை முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரலாங்க," என்று சொல்லிவிட்டு, மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தத் தண்ணீரில் தானும் ஒரு வாய் குடித்தால் என்ன என்று அன்றைக்குத்தான் முதலில் நினைத்தாள். கேனின் முன்னால் தம்ளரோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஊருக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். தமயந்தி சென்னைக்குப் போய்ச் சிறப்புச் செயலர் வைத்தியலிங்கத்தைச் சந்தித்தாள். மானியத் திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. கொஞ்ச காலத்துக்குக் கொஞ்சம் பழைய தண்ணீரைக் கலந்து, படிப்படியாகக் குறைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் ஊரிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். இதுதான் அவள் கோரிக்கை. சிரித்து அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. காப்பி வரவழைத்தார்.

"உங்க ஊர்ல கடைசியா எப்பம்மா சாலை மறியல் நடந்துது?" என்று கேட்டார்.

"நடந்ததில்லைங்க."

"ரெண்டு தடவை காமாலை. அவ்வளவு குழந்தைங்க. ஒரு ஆர்ப்பாட்டம்?"

"இல்லைங்க."

"நானும் அதைத்தான் பாத்தேன். அந்த டாக்டரம்மா எழுதின ரிப்போர்ட் எங்ககிட்ட வரைக்கும் வந்துடுச்சு." அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "உங்க கோரிக்கைக்குச் சம்மதம். பழைய தண்ணியைக் கலக்கக்கூட வேண்டாம். சவ்வுல நிக்கற கழிவு உப்புநீர் இருக்கே, அதுலேர்ந்து அந்த உப்பை மட்டும் பிரிச்சு எடுங்க. உங்க ஊருக்குப் பழைய அளவுல போட்டுக்கலாம். மீதி மத்த மாநகராட்சிகளுக்கு. அடுத்த கட்ட மானியத்துல அதையும் ஒரு சத்துப்பொருள்னு சேத்துடலாம். எத்தனை குடும்பம் நிம்மதியா இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

"மக்கள்கிட்டச் சொல்லித்தானுங்களே?"

"சொன்னா வேண்டாம்பாங்க. வலிக்கறது நம்ம உரிமைன்னு நாலு பேர் கெளம்பிடுவான். எதுக்கு?"

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. தமயந்தி வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். ஆதிரை செத்த வருடம் ஊர் அழுதிருந்தால்? கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் நாற்பது சவங்களைக் கிடத்திக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டிருந்தால்? மானியம் அந்த வருடமே வந்திருக்கும். இரண்டாவது காமாலையில் போன குழந்தைகள் இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்கும். அவளும் அழவில்லை. பணிவான விண்ணப்பங்களை எழுதிக்கொண்டிருந்தாள், வருடத்துக்கு ஒன்றாக.

"அந்தத் தண்ணியாலதானுங்க எங்க ஊருக்கு மானியம் இத்தன தாமதமா வந்துச்சு," என்றாள். "கேக்கறதுக்கே எங்களுக்குத் தெரியலீங்க. இத வேற ஊருக்குச் செய்ய என்னால முடியாதுங்க."

வைத்தியலிங்கம் அவளை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்லை," என்றார்.

அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அடுத்த மாமன்றக் கூட்டத்தில், மேயர் தடுத்தும் கேட்காமல், பாறையின் உப்பு, சவ்வு, துக்கம், சென்னையில் நடந்த பேச்சு எல்லாவற்றையும் சொன்னாள். பிலோமினாவும் வந்து சொன்னார். அந்த மன்றத்தில் முதல் முறையாக ஒருவர் மேசையைக் குத்தினார். முதல் முறையாக நாற்காலி பறந்தது. பழைய தண்ணீரைத் திருப்பிக் கொடு என்று ஒரு கூட்டம். இனி ஒரு சொட்டு கூடாது என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். அடுத்த வாரம் மலைப்பாதையில் ஐயாயிரம் பேர் உட்கார்ந்து விடுதிகளை மூடச் சொன்னார்கள். வெண்பாறையின் முதல் மறியல் அது. விடுதிகள் மூடப்பட்டன.

செயலரின் திட்டம் அதோடு அடங்கியது. அவரைக் கேட்டால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார். ஊருக்குள் ஒரு சமரசம் ஆயிற்று. குழாய்களில் புதுத் தண்ணீர்தான் போகும். வேண்டும் என்பவர்களுக்கு மட்டும், அணைக்குப் பக்கத்துப் பழைய நீரேற்று நிலையத்தில், காய்ச்சி ஆறவைத்த பழைய தண்ணீரை ஒரு தனிக் குழாயில் கொடுக்கலாம். மானிய விதி நகரக் குழாய்களைப் பற்றித்தான் பேசியது. தனிக் குழாய்க்குத் தடையில்லை. பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் அது என்ன செய்யும் என்று வாயால் விளக்கிச் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும். இப்படிச் சொல்லும் வேலைக்குத் தமயந்தியை மாற்றினார்கள். அது தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மறுக்கவில்லை.

அவள் இப்படி நினைத்திருந்தாள்: உண்மையைச் சொல்லிவிட்டால் கூட்டம் குறைந்துவிடும். குறையத்தான் செய்தது, வெண்பாறையில். அழுது பழகியவர்கள் ஒவ்வொருவராகக் கேனை விட்டார்கள். ஆனால் செய்தி தாள்களில் வந்து, வெளியூர்களுக்குப் பரவியிருந்தது. முதலில் பக்கத்து மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். பிறகு ராமநாதபுரத்திலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து, ஓசூரிலிருந்து. கையில் கேன், குடம், பழைய பெயின்ட் வாளி. அவர்களுடைய தண்ணீரில் யாரும் திருட்டுத்தனமாக எதையும் கலக்கத் தேவையிருக்கவில்லை. பஸ் ஏறி வந்து, விளக்கத்தைக் கேட்டு, தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டு, நிரப்பிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊருக்கும் ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் என்று நான்கு நகராட்சிகள் தீர்மானம் போட்டு அரசிடம் மானியம் கேட்டிருந்தன.

ஆதிரையின் திதி வந்தது. ஞானவேல் குறைவில்லாமல் செய்தான். ஆற்றங்கரையில் பிண்டம் வைத்தான், காக்கைக்குச் சோறு போட்டான். ஐயரிடம் விலைவாசி பற்றிப் பேசினான். தமயந்தி படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவன் வந்து பக்கத்தில் நின்றான்.

"வெயில் ஏறிருச்சு தமயா. கெளம்பலாமா? உனக்குத் தலை வலிக்கும்," என்றான் பரிவோடு.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

"நீயும் அந்தத் தண்ணியக் குடிச்சா என்ன? எதுக்கு இப்படி ஒடம்பக் கெடுத்துக்கற?"

அவன் குடையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் நீரேற்று நிலையத்தில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். வேதாரண்யம் பக்கம் என்றாள். கசங்கிய புடவை, ஐந்து லிட்டர் கேன். போன மாதம் பைக் விபத்தில் மகன் போய்விட்டானாம். பத்தொன்பது வயது.

தமயந்தி எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள். அந்த அம்மாள் குறுக்கிட்டாள்.

"இதக் குடிச்சா அவன் மொகம் மறந்துருமாங்க?"

"மறக்காதுங்க. மொகம், பேரு, பேசுனது எல்லாம் அப்படியே இருக்கும். அழுக வராது. அவ்வளவுதான்."

"அது போதுங்க."

தமயந்தி கேனை வாங்கிக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள். தண்ணீர் மெல்ல ஏறியது. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் இதத்தான் குடிக்கிறீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் குடிக்கிறார்."

"நீங்க?"

"இல்லீங்க."

"ஒங்களுக்கு அப்படி யாரும் போகலையா?"

"பொண்ணு. எட்டு வயசு."

அந்த அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம் ஏங்க குடிக்கல?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. ஞானவேல் கேட்டான், ஆனால் அவன் பதிலுக்காகக் கேட்கவில்லை. கேன் நிரம்பிக்கொண்டிருந்தது.

"நானும் குடிச்சுட்டா," என்றாள் தமயந்தி, "அவளுக்காக அழறதுக்கு வேற ஆள் இல்லீங்க."

குழாயை மூடினாள். மூடியைத் திருகி, கேனைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். வாசலில் பஸ் வரும் இடத்தில் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து கேனை மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. வெளியூர்களுக்குப் புதிதாக விட்டிருந்த, ஓட்டுனர் இல்லாமல் தானே ஓடும் அந்தப் பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, புறப்படப் போவதாக அறிவித்தது. மறுபடி ஒரு முறை அறிவித்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

தமயந்தி அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். போய்ப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் கேனை மடியிலிருந்து இறக்கி இருவருக்கும் நடுவில் வைத்தாள். அணைப் பக்கமிருந்து காற்று வந்தது.

"பையன் பேரு என்னங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

அந்த அம்மாள் சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை. தமயந்தி அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.